இரண்டாவது குழுவில் ஓர் இடம்

முதல் குழுவில் அவள் போனாள், நான் போகவில்லை. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

இருவரும் திருவண்ணாமலையில் ஒரே தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம். பௌர்ணமிதோறும் எங்கள் டாக்டர் கிரிவலப் பாதையில் இலவச முகாம் போடுவார். நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, மலையைச் சுற்றி வெறுங்காலில் நடந்து வருகிறவர்களின் கொப்புளத்துக்கு மருந்து வைப்போம். அவர்கள் செருப்பில்லாமல் வரும்போது நாம் மட்டும் செருப்போடு உட்காருவதா என்று நாங்களும் கழற்றி ஓரமாக வைத்துவிடுவோம். யாரும் சொல்லவில்லை, பழகிவிட்டது.

கடல் தாண்டி ஒரு நாட்டில் பூகம்பம் வந்து ஊர் ஊராக இடிந்து விழுந்தபோது, டாக்டர் தன்னார்வக் குழு ஒன்றை அழைத்துப் போவதாகச் சொன்னார். முதலில் கையைத் தூக்கியது நான்தான். ஆனால் என் பாஸ்போர்ட் வந்தபாடில்லை. வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் குடிபோன அவசரத்தில், மறந்துபோய்ப் பழைய விலாசத்தையே போட்டு மனுச் செய்திருந்தேன். விசாரிக்க வந்த போலீஸ்காரர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். அவளிடம் பாஸ்போர்ட் இருந்தது. என்றைக்கோ சிங்கப்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போகலாமென்று எடுத்தாள், போகவே இல்லை. பீரோவில் தூங்கிய பாஸ்போர்ட்டுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

"நீ இல்லாம எனக்குக் கை ஓடாதுடி" என்று அழுதாள்.

"போய்ட்டு வா, ஒண்ணும் ஆவாது" என்றேன். மனசுக்குள் சொன்னதை அச்சில் போட முடியாது.

அடுத்த மூன்று வாரமும் என் ஃபோனே எனக்கு எதிரி. வாட்ஸப்பில் தினமும் படம். கூடாரத்துக்குள் அவள் ஒரு கிழவரின் முழங்காலுக்குக் கட்டுப் போடுகிறாள். கையில் மாவுக்கட்டோடு ஒரு பெண்மணி அவள் தோளில் சாய்ந்திருக்கிறார். நான் அந்தக் கிழவரின் கட்டை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். தளர்வாக இருந்தது. அதில் எனக்கொரு சந்தோஷம். அங்கே ஜனங்கள் வீட்டையும் ஆட்களையும் பறிகொடுத்துவிட்டுக் கிடக்கிறார்கள், நான் இங்கே உட்கார்ந்து அவள் போட்ட கட்டில் குற்றம் கண்டுபிடிக்கிறேன். சீ, என்ன ஜென்மம் என்று என்னையே திட்டிக்கொள்வேன். திட்டிவிட்டு மறுபடியும் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

அவள் திரும்பி வந்த அன்று பஸ் ஸ்டாண்டு எதிரில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள், 'எங்கள் ஊரின் பெருமை' என்று. என் வீட்டுக்காரர் சும்மா இருக்கக் கூடாதா?

"உன் ஃப்ரெண்டு போட்டோவப் பாத்தியா? எவ்ளோ பெருசா வெச்சிருக்காங்க!"

"பாக்காம? எனக்குக் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" என்று எரிந்து விழுந்தேன். மனுஷன் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் போய்விட்டார்.

அந்த வாரமே என் பாஸ்போர்ட் வந்தது. பத்து நாளில் இரண்டாவது குழு கிளம்புகிறது. அதில் ஒரு நர்ஸுக்குத்தான் இடம். போய்ப் பழகியவள் என்பதால் அவளே போகட்டும் என்று டாக்டர் முடிவு செய்துவிட்டார்.

மறுநாள் காலை அவள் என்னை டிரெஸ்ஸிங் ரூமுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். சாக்ஸைக் கழற்றி வலது குதிகாலைக் காட்டினாள். ஆழமான புண். சுற்றிலும் கறுத்திருந்தது. கிட்டே குனிந்ததும் நாற்றம் அடித்தது. ஐயோ, என் கண்தான் பட்டுவிட்டதோ!

"என்னடி இது?"

"ஆணி ஏறிடுச்சு. அங்க ஒரு புத்தர் கோயில் முற்றத்துலதான் நம்ம கேம்ப் போட்டிருந்தாங்க. கோயிலுக்குள்ள எப்படிடி செருப்போட போறது?"

கோயில் பாதி சரிந்து, முற்றம் முழுக்கக் கண்ணாடியும் தகரமுமாகக் கிடந்திருக்கிறது. அங்கிருந்த சாமியாரே செருப்போடு வாருங்கள் என்று கையைக் காட்டினாராம். குழுவில் எல்லோரும் ஷூவோடு நடமாட, இவள் மட்டும் தினமும் வாசலில் கழற்றிவிட்டுப் போயிருக்கிறாள். குத்திய அன்றே தடுப்பூசி போட்டுக்கொண்டாள். டாக்டரிடம் சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று சாக்ஸால் மூடி மறைத்துவிட்டாள்.

"வலிக்குதா?"

"வலியே இல்ல. அதான் ஆறிட்டு வருதுன்னு நெனைக்கிறேன்."

அவளுக்குச் சர்க்கரை ஜாஸ்தி. சர்க்கரைக்காரிக்குப் புண் வலிக்கவில்லை என்றால் ஆறுகிறது என்று அர்த்தமில்லை, நரம்பு மரத்துவிட்டது என்று அர்த்தம். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"யார்கிட்டயும் சொல்லாத. தெனம் டிரெஸ்ஸிங் மட்டும் பண்ணிடு. நான் போயே ஆவணும்டி, அங்க எனக்காகக் காத்துட்டிருக்காங்க."

சரி என்றேன். புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டேன். மத்தியானமே டாக்டரிடம் போனேன்.

அவள் காலை நினைத்துப் போனேனா, அவள் இடத்தை நினைத்தா? கால் மேல் கவலை இருந்தது, சத்தியமாக இருந்தது. ஆனால் டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் சொன்னது, "சார், என் பாஸ்போர்ட் வந்துடுச்சு." காலைப் பற்றி இரண்டாவதாகத்தான் சொன்னேன்.

அன்று மாலையே ஆபரேஷன். கெட்டுப்போன சதையை வெட்டி எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். மயக்கம் தெளிந்ததும் திட்டப் போகிறாள், நாலு வார்த்தை வாங்கிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் நின்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொல்லலன்னா என் கால் போயிருக்கும். நீதாண்டி எனக்குச் சாமி."

அவள் அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். வார்டில் எல்லோரும் என்னை நல்லவள் என்றார்கள். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டாவது குழுவில் நான் போனேன். முதல் நாள் காலை கூடாரத்துக்கு வந்தது அந்த மாவுக்கட்டுப் பெண்மணி. என் முகத்தைப் பார்த்தார், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு தன் ஃபோனை எடுத்து, அவளோடு எடுத்துக்கொண்ட படத்தைக் காட்டிக் கையால் எங்கே என்று கேட்டார். வரவில்லை என்று தலையாட்டினேன். அவர் முகம் வாடிப்போயிற்று. அடுத்து வந்த கிழவரும் கேட்டார். படம் இல்லாதவர்கள் வெறுங்கால், நொண்டி நடை என்று அவளைப் போல நடித்துக் காட்டிக் கேட்டார்கள். ஒரு நாள் தவறாமல் யாராவது ஒருவர் கேட்டார்கள். நான் போட்ட கட்டு ஒன்றுகூடத் தளரவில்லை, கச்சிதமாகப் போட்டேன். அதை யார் பார்த்தார்கள்?

ஊர் திரும்பியதும் கீழ்பென்னாத்தூரில் அவள் வீட்டுக்குப் போனேன். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். மழை வந்துச்சா, மருந்து பத்துச்சா, சாப்பாடு எப்படி என்று ஓயாமல் கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டே, "என்னை யாராவது கேட்டாங்களாடி?" என்றாள்.

"தெனம் புதுசு புதுசா ஆளுங்க வராங்க. யாருக்கு யார் ஞாபகம் இருக்கும்?" என்றேன். "யாரும் கேக்கல."

"ஆமாமா, பாவம், அவங்களுக்கு இருக்கற கஷ்டத்துல" என்று சொல்லிவிட்டு, எனக்குக் காபி போடச் சொல்லி அவள் அம்மாவைக் கூப்பிட்டாள்.