வெறும் தூக்குவாளி

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டோம். ஒரு கை அரிசி, நாலு மிளகாய் வற்றல், ஒன்றுமே இல்லையென்றால் ஒரு சிட்டிகை சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். வெறும் பாத்திரம் போனால் இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். வாயால் சொல்ல வேண்டாம். பாத்திரமே சொல்லிவிடும்.

நான் ஒரு தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். இருந்தாலும் என் தப்பை நானே எழுதுவேன், அடுத்தவர் கையால் எழுதிக்கொள்ள மாட்டேன்.

அப்போது விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலைக்காரர்கள் இருந்த வரிசை வீடுகளில் குடியிருந்தோம். என் வீட்டுக்கும், நான் வெறும் பாத்திரம் அனுப்பினேனே, அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இரண்டு வீட்டு ஆம்பிளைகளுக்கும் ஒரே ஷிப்ட். அவர்கள் வேதக்காரர்கள். கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து முந்திரிக்கொத்தும் முறுக்கும் வரும், பொங்கலுக்கு இங்கிருந்து சர்க்கரைப் பொங்கல் போகும். நல்ல நாள் பெரிய நாள் என்று இல்லை, அவளுடைய தூக்குவாளி ஒன்று வருஷம் முழுக்க இரண்டு வீட்டுக்கும் அலையும். அவள் கல்யாணத்துக்கு வந்த பாத்திரம். மூடியில் அவள் பேரின் முதல் இரண்டு எழுத்தைப் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். பாத்திரக்காரன் கை நடுங்கியதோ என்னவோ, இரண்டாம் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

எனக்கு நாற்பது வயதில் கடைசி மகள் உண்டானாள். மூத்தவன் மீசை வைத்துவிட்டான். எனக்கே வெளியே தலைகாட்டக் கூச்சம். ஏழாம் மாசம் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன், அத்தனை பேர் முன்னால் அவள் சொன்னாள்.

"ஏளா, மவனுக்குப் பொண்ணு பாக்குற வயசுல நீ தொட்டில் கட்ட எடம் பாக்குதியே! மாமியாளுக்கும் மருமவளுக்கும் ஒண்ணா வளைகாப்பு வச்சிருவமா?"

குழாயடியே சிரித்தது. கேலிதான். இன்னொருத்தியைப் பார்த்து அவள் அப்படிச் சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு அரைக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அந்தத் தூக்குவாளி வந்தது. உள்ளே உளுந்தங்களி. உடன்குடிக் கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் மிதக்க மிதக்கக் கிண்டியிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி இடுப்புக்குப் பலம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பொய் சொல்ல மாட்டேன், தின்றேன். பிறகு தூக்கைத் தேய்த்துக் கழுவித் துடைத்து, மூத்தவன் கையில் வெறுமனே கொடுத்தனுப்பினேன். அவள் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பதை வாசலில் நின்று பார்த்தேன். மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அங்கிருந்து எதுவும் வரவில்லை. பொங்கலுக்கு இங்கிருந்து எதுவும் போகவில்லை. சில வருஷத்தில் அவர்கள் அம்பாசமுத்திரத்தில் வீடு கட்டிப் போய்விட்டார்கள். பஸ் ஏறினால் கால் மணி நேரம். அம்பைச் சந்தைக்கு எத்தனை தடவை போயிருப்பேன்! அவள் தெருவுக்குள் மட்டும் திரும்பியதில்லை.

வயிற்றில் இருந்த அந்த மகள் இப்போது ஜெர்மனியில் மேல்படிப்புப் படிக்கிறாள். அவள் பள்ளிக்கூட அட்டையில் எல்லா வருஷமும் கையெழுத்துப் போட்டவள் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. போன மார்கழியில் ஒரு நாள் மத்தியானம் போனில் வந்தாள். முகம் வாடிக் கிடந்தது.

"கிறிஸ்துமஸ் லீவும்மா. விடுதியில எல்லாரும் அவங்கவங்க ஊருக்குப் போயிட்டாங்க. என் மாடியில நான் ஒருத்திதான் இருக்கேன். கடை கண்ணியும் அடைச்சிருவாங்க."

"அப்ப சாப்பாட்டுக்கு?"

"அதுக்குத்தான் சொல்ல வந்தேன். ஒரு அக்கா பழக்கமாச்சு, இங்கன வேற ஊர்ல நர்ஸா இருக்காங்க. நம்ம திருநெல்வேலி ஆளுங்க போன் குழுவுலதான் பேசிக்கிட்டோம். லீவுக்கு அவங்க வீட்டுக்கு வரச் சொல்லுதாங்க. அம்பைதான் ஊரு. முன்னால நம்ம பக்கத்து வீட்டுல இருந்தாங்களாமே?"

அந்தத் தூக்குவாளிக்காரி மகள்தான். மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு என் அடுப்படியில் தோசைக்கு நிற்குமே, அந்தப் பிள்ளை. என் மகளுக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. நான் சொன்னதே இல்லை. 'அந்த வீட்டுக்குப் போகாதே' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"ஒன் வீம்ப இங்கன வச்சுக்கோ. பிள்ளையை அங்கன பட்டினி போடாத."

"போயிட்டு வாம்மா" என்றேன்.

இரண்டு ரயில் மாறி ஐந்து மணி நேரப் பயணம். அன்றைக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டே இருந்தேன். சோறு இறங்கவில்லை. பனியினால் முதல் ரயில் பிந்திவிட்டது, அடுத்ததைப் பிடிக்க முடியவில்லை, ஸ்டேஷனில் நிற்கிறேன் என்று ஒரு தடவை பேசினாள். பிறகு பேச்சே இல்லை. அந்த ஊர்க் குளிர் எப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்? மார்கழி மாசம் தாமிரபரணியில் விடியற்காலம் முங்குவதுதான் எனக்குத் தெரிந்த குளிர். அந்தப் பெண் மட்டும் வந்து நிற்காமல் போனால் என் பிள்ளை எங்கே போகும் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சண்டை போட்ட வீட்டை நம்பித்தானே அனுப்பியிருக்கிறேன்!

சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கு மகள் முகம் போனில் வந்தது. மேலே ஒரு பெரிய கம்பளிக் கோட்டு, கையில் சுக்குக் காப்பி.

"எம்மா, அக்கா ரெண்டு மணி நேரம் எனக்காவ ஸ்டேஷன்லயே நின்னாங்க. இந்தக் கோட்டும் அவங்கதுதான். என்னைப் பாத்ததும் என்ன கேட்டாங்க தெரியுமா? 'நீதானாட்டி அந்த வயித்துப்பிள்ளை?'ன்னாங்க! 'அந்தப் பிள்ளையை வயித்துல இருக்கையிலேயே எனக்குத் தெரியும், தனியா விட்டுராத'ன்னு அவங்கம்மா சொல்லிவிட்டாங்களாம்."

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வேர்வை என்று மகளிடம் சொன்னேன். மார்கழியில் என்ன வேர்வை!

பத்து நாள் அங்கே இருந்தாள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாள்தான் லீவாம். மற்ற நாளெல்லாம் வேலைக்குப் போகும்போது வீட்டுச் சாவியை என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். பண்டிகைக்கு இரண்டு பேருமாக முந்திரிக்கொத்து சுட்டு, பாதி உதிர்ந்து போய், உதிர்ந்ததை அள்ளித் தின்றார்களாம். மகள் முகத்தில் களை திரும்பிவிட்டது.

விடுதிக்குத் திரும்பின மறுநாள் கூப்பிட்டாள்.

"எம்மா, வழிக்குச் சாப்பாடு ஒரு தூக்குல போட்டுக் குடுத்தாங்க. அவங்கம்மா ஊர்ல இருந்து குடுத்துவிட்டதாம். தபால்ல திருப்பி அனுப்பணும். சும்மா அனுப்பவா?"

தூக்கைப் போனுக்கு நேரே காட்டினாள். மூடியில் இரண்டு எழுத்து, புள்ளி புள்ளியாக. இரண்டாவது எழுத்து சாய்ந்திருந்தது. நான் தட்டுத்தடுமாறி வாசிக்கிறவள்தான். அந்த இரண்டு எழுத்தை வாசிக்க எனக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை.

"சும்மா அனுப்பாத" என்றேன்.

"ஏம்மா?"

அப்போதுதான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். குழாயடி, களி, வெறும் தூக்கு எல்லாவற்றையும். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப நீ மொதல்ல போம்மா" என்றாள். "நான் பெறவு அனுப்புதேன்."

மறுநாள் காலையில் உளுந்தைக் கருக வறுத்துவிட்டேன். அதைத் தூரப்போட்டுவிட்டு மறுபடி வறுத்தேன். களி கிண்டி, என் தூக்குவாளியில் போட்டு, அம்பை பஸ் ஏறினேன். அந்தத் தெருவில் திரும்பினேன். திரும்பிப் போய்விடலாமா என்றும் தோன்றியது. அவள் கதவைத் திறந்தாள். தலை முழுக்க வெள்ளை. முட்டு வலி போல, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னையும் பார்த்தாள், கையில் இருந்த தூக்கையும் பார்த்தாள்.

"என்னளா, பஸ்ஸு இப்பத்தான் கெடைச்சுதோ?"

"ஆமா. வழியில கொஞ்சம் நின்னு நின்னு வந்துச்சு."

உள்ளே போய் உட்கார்ந்தோம். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள், அன்றைக்குப் பார்த்த மாதிரியே. ஒரு விரலால் எடுத்து வாயில் வைத்தாள்.

"ஒங்க மக எம்பிள்ளையை..." என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும். ஒன்னைய ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் குடுத்துவிட்ட களியைத் தின்னியா இல்லியா?"

"தின்னேன்."

"நெசமாவா?"

"வழிச்சுத் தின்னேன்."

அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "ஸ்தோத்திரம். நீ தூரக் கொட்டியிருப்பன்னுல்லா நெனச்சேன். வயித்துப்பிள்ளைக்காரி கோவத்துல பட்டினி கெடந்தாளோன்னு எத்தனை நாள் நெனச்சிருக்கேன், சவத்து மூதி. வெறும் தூக்கப் பத்தி எனக்கு என்ன? குழாயடியில என் வாயும் சும்மா இருந்திருக்கலாம்."

நான் இத்தனை வருஷமும் அவள் என்னை வைதுகொண்டிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் அந்தக் களியைப் பற்றி அல்லவா நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்! முறுக்கைத் தட்டில் வைத்தாள், தின்றேன்.

புறப்படும்போது தூக்குக்குக் கையை நீட்டினேன். அவள் அதை எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டாள்.

"இது இங்கன இருக்கட்டும். பொங்கலுக்கு ஒன் வீட்டுக்கு வாரேன்லா, அப்பக் கொண்டாரேன்."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் மகள் கூப்பிட்டாள்.

"என்னம்மா ஆச்சு? பேசினாங்களா? தூக்கு எங்க?"

"அங்கனதான் இருக்கு."

"வாங்காமலா வந்த?"

"வாங்காமத்தான் வந்தேன்" என்றேன். "நீ ஒன் தூக்க நெறைச்சு அனுப்பு."