மேலே போயிருக்குதுங்க

கணபதி ஊரில் பங்காரம்மாவின் வாயிலிருந்து ‘ங்க’ இல்லாமல் ஒரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. கவலை பூட்டிக் கிணற்று நீர் இறைக்கிற எருதுகளைக்கூட “நடங்க சாமி, திரும்புங்க சாமி” என்றுதான் ஓட்டுவாள். சோளத்தை மேய்ந்த பக்கத்துத் தோட்டத்து ஆட்டை விரட்டும்போதும் “போங்க அக்கட்டால” என்பாள். அப்படிப்பட்டவள் நானூறு பேருக்கு முன்னால், ஜீப்பில் வந்த பெரிய அதிகாரியிடம் ‘ங்க’வை விட்டுவிட்டுப் பேசினாள். சும்மா பேசிவிடவில்லை. ஒரு வருஷம் வயிறெரிந்த பிறகுதான் பேசினாள்.

அவள் புருஷன் வெங்கடபதிக்கு அவளே அத்தை மகள். வெங்கடபதியின் அப்பாவும், பெரியப்பா மகன் கோவிந்தராஜுலுவின் அப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டபோது மேட்டுக்காடு அண்ணனுக்கும், கிணற்றோடு சேர்ந்த நாலு ஏக்கர் காடு தம்பிக்கும் வந்தது. பங்காரம்மா கல்யாணமாகி வந்த வருஷம் அந்தக் கிணற்றில் நாற்பதடியில் தண்ணீர் கிடந்தது. அறுபத்து மூன்று தை மாதம் வெங்கடபதி நெஞ்சுவலியில் போனபோது எண்பதடியிலும் வெறும் ஈரம்தான். அதற்குக் கீழே கரும்பாறை. கடப்பாரையைப் போட்டால் நெருப்புப் பொறி பறந்ததே தவிர ஒரு சில்லுகூடப் பெயரவில்லை.

கோவிந்தராஜுலு மேட்டுக்காட்டில் இரும்பு வார்க்கிற பட்டறை போட்டிருந்தார். இன்னும் இடம் வேண்டியிருந்தது. கருமாதி முடிந்த மறு வாரமே காட்டை விலைக்குக் கேட்டுப் பேச்சு வந்தது. பங்காரம்மாவின் கூடப் பிறந்த தம்பி சீனிவாசலு, போத்தனூர் ரயில்வேயில் வேலை, அவனும் அதையே சொன்னான்.

“அக்கா, தண்ணியில்லாத காட்ட வெச்சுக்கிட்டு என்னக்கா செய்வே? குடுத்துப்போட்டு எங்கூட வந்துரு.”

“பாறைய ஒடச்சாத் தண்ணி வருமுங்க தம்பி. அடுத்த வருசம் சித்திர பொறக்கறதுக்குள்ள வர்லீன்னா நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தர்றேனுங்க.”

சொந்தத் தம்பிக்கும் ‘ங்க’. சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கமும் அவளுக்கு இல்லை. ஆகவே, அந்தத் தவணைக்குள் தண்ணீர் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் காடு போய்விடும்.

கோட்டைமேட்டு ரசாக் பாய்தான் இந்தச் சுற்று வட்டாரத்தில் கிணற்றுக்கு வெடி வைக்கிறவர். வந்து இறங்கிப் பார்த்தார். பாறையில் காதை வைத்துச் சுத்தியலால் தட்டிக் கேட்டார். “அம்மணி, கிழக்கால சத்தம் பொத்தலாக் கேக்குதுங்க. அஞ்சாறு குழி அடிச்சு மருந்து கெட்டிச்சா ஒரே நாள் வேலை. ஆனா மருந்துதான் இல்லீங்க” என்றார். சீனாக்காரன் சண்டைக்கு வந்ததிலிருந்து வெடிமருந்துக்குக் கெடுபிடி. கிணற்றுக்குக் கிணறு தனியாக மனுக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டுமாம்.

மாசி மாதம் சர்க்கார் ஆபீஸில் மனுக் கொடுத்தாள். ஆபீஸ் குமாஸ்தா தம்பிதுரை நல்ல பையன் போலத்தான் பேசுவான்.

“உங்க மனு மேலே போயிருக்குதுங்கம்மா.”

“மேலேன்னா எங்கீங்க?”

“மேலேதானுங்க. அங்கிருந்து வந்தாத்தான் நாங்க எதும் சொல்ல முடியுமுங்க.”

ஆடியில் போனாள், மேலே போயிருந்தது. புரட்டாசியில் போனாள், அப்போதும் மேலேயே இருந்தது. ஒவ்வொரு தடவையும் கணபதியிலிருந்து வெயிலில் நடந்து போய், மரத்தடியில் அரைநாள் காத்திருந்து, அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு திரும்பினாள். எருதுகளுக்குத் தண்ணீரைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து குடத்தில் சுமந்தாள். பருத்தி கருகியது. மஞ்சளை வெட்டவே வேண்டியிருக்கவில்லை, மண்ணுக்குள்ளேயே வற்றிப்போயிருந்தது.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் இருக்கும். பொழுதோடு மாட்டைக் கட்டிவிட்டு நிமிர்ந்தவள் தெற்கே பார்த்தாள். போத்தனூர்ப் பக்கம் வானத்தில் செக்கச் செவேலென்று ஒரு வெளிச்சம் படர்ந்து நின்றது. ரயில்வே குடோன்தான் பற்றிக்கொண்டது என்று நினைத்தாள். சீனிவாசலுவுக்கு அந்த வாரம் குடோனில் வேலை. வாசல் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினாள். வழியில் எதிர்ப்பட்டவர்களும் “எந்த மில்லுங்க எரியுது?” என்றுதான் கேட்டார்கள். பஸ் ஏறி, இறங்கி, மூச்சு வாங்க தம்பி வீட்டு முன்னால் போய் நின்றபோது, சீனிவாசலு திண்டில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

“எரியலீங்களா?”

“என்னக்கா எரியுது? ஓ, அதா! அது ராக்கெட்டுப் புகைக்கா. திருவனந்தபுரத்துப் பக்கத்துல கடக்கரையில நம்ம சர்க்கார் உட்டிருக்குது. ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னாரு. புகைய மேலே கொண்டுபோயி உட்டு, காத்து எப்படி அடிக்குதுன்னு பாக்கறாங்களாமா.”

பங்காரம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

“அந்தக் குழாய்க்குள்ள என்னங்க போட்டாங்க, அத்தன தூரம் போறதுக்கு?”

“மருந்துதான்க்கா. வெடிமருந்து மாதிரி.”

தம்பி பெண்டாட்டி அம்புஜம் கொடுத்த காப்பியை அவள் தொடவில்லை. கிணற்றுப் பாறையில் கெட்டிக்க அஞ்சு கை மருந்து இல்லாத சர்க்காரிடம், காற்றுப் பார்க்க மலையளவு மருந்து இருந்திருக்கிறது. அதை யோசித்தபடியே வீடு திரும்பினாள். அன்று ஏறிய கோபம் பிறகு இறங்கவே இல்லை.

தைப் பொங்கல் நோம்பி முடிந்து கணபதிப் பள்ளிக்கூட மைதானத்தில் சர்க்கார் வண்டி வந்து கூட்டம் போட்டது. வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டப் போவதாகச் சொல்லி, பொழுது இறங்குவதற்கு முன்பே ஜனங்களை உட்காரவைத்தார்கள். கோவிந்தராஜுலுவுக்கு முன்வரிசையில் நாற்காலி. மேடையோரம் குமாஸ்தா தம்பிதுரை மைக்கைத் துடைத்துக்கொண்டு நின்றான். ஜீப்பில் வந்த அதிகாரி ராக்கெட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். இந்தியா தலை நிமிர்ந்துவிட்டது என்றார். இனிமேல் மழை எப்போது வரும் என்பதை வானத்திலிருந்தே தெரிந்து சொல்லிவிடுவோம் என்றார். “யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம்” என்று சிரித்தபடி சொன்னார். கேட்க மாட்டார்கள் என்கிற தைரியம்.

பங்காரம்மா எழுந்தாள்.

“மழ வர்லீன்னு எனக்கே தெரியுமுங்க. வெடிச்சுக் கெடக்கற காட்டப் பாத்தாத் தெரியுது. அதச் சொல்றதுக்கு வானத்துக்கு ஆளனுப்போணுமுங்களா?”

கூட்டம் கலகலத்தது. அதிகாரியும் சிரித்தார். “ஏம்மா, விஞ்ஞானம்னா உடனே புரியாது. நீங்க எல்லாம் உள்ளங்கையில தேங்காயை வெச்சு நிலத்தடித் தண்ணி பார்க்கிறவங்க. அந்தக் காலம் மாறணும்னுதான் சர்க்கார் இவ்வளவு பாடுபடுது” என்றார். முன்வரிசையில் கோவிந்தராஜுலு தொடையைத் தட்டிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லை. பங்காரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்குக் கிட்டே நடந்தாள்.

“தேங்கா கீழயாச்சும் பாக்குது. நீ எங்க பாக்கறே?”

‘ங்க’ இல்லை. பின்னால் நின்றவர்கள் காது சரியாகக் கேட்டதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்ற கெணத்துப் பாறைக்கு அஞ்சு கை மருந்து கேட்டேன். ஒரு வருசமாச்சு. கேக்கறப்பெல்லாம் உன்ற ஆளு என்ன சொல்றான்? மனு மேலே போயிருக்குதுங்கறான். எந்த மேலேன்னு எனக்கு வெளங்காம இருந்துச்சு. இப்பத்தான வெளங்குது! என்ற மனுவயும் அந்தக் குழாய்க்குள்ள வெச்சு ஏத்தி உட்டுட்டியா? சொல்லு! அங்கிருந்து எப்ப எறங்கும்? தண்ணி இருக்கறது கீழ. மருந்த மேல கொண்டுபோயிக் கொளுத்தறியே, மேல எவன் கெணறு வெட்டறான்?”

சிரிப்பு மைதானத்தின் கடைசியில் தொடங்கி முன்வரிசை வரைக்கும் வந்தது. தம்பிதுரை மைக்குக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். அதிகாரி “படம் போடுங்கப்பா” என்றார். இன்னும் வெளிச்சம் போகவில்லை. துணியில் ஒன்றுமே தெரியவில்லை. ராக்கெட் ஏறுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஜனங்கள் “மனு போகுது! மனு போகுது!” என்று கத்தினார்கள்.

அதற்குக் கூலி நாலாம் நாள் கிடைத்தது. அவளுக்கு இல்லை, ரசாக் பாய்க்கு. போலீஸ்காரர்கள் கோட்டைமேட்டு வீட்டில் புகுந்து பானை சட்டியெல்லாம் கவிழ்த்துப் பார்த்தார்கள். மருந்து பதுக்கியிருக்கிறாரா என்று அவரை ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க உட்காரவைத்தார்கள். கிடைத்தது சுத்தியலும் உளியும்தான்.

கேள்விப்பட்டுப் பங்காரம்மா அவர் வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரி சாஜிதா பேகம், கொட்டிக் கிடந்த பருப்பை இன்னும் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ற வாயால உங்க ஊட்டுக்கு இப்படி வந்துபோச்சுங்களே பாய்” என்றாள் பங்காரம்மா. சாஜிதாவின் பக்கத்தில் உட்கார்ந்து தானும் பருப்பைப் பொறுக்கினாள்.

ரசாக் பாய் தாடியைத் தடவிக்கொண்டார். “நீங்க கேட்டதுல தப்பில்லீங்க அம்மணி. மருந்து இல்லாட்டிப் போகுது. வெறகு இருக்குதில்லீங்க? வால்பாறைக்கு மலைப்பாதை வெட்டறப்ப, மருந்து தீந்துபோச்சுன்னா எங்க அத்தா பாறைமேல வெறகடுக்கித் தீ வெப்பாராம். சூடு ஆறறதுக்குள்ள பச்சத் தண்ணிய ஊத்துனாப் பாறை வாய் பொளந்துக்கும். நாள் புடிக்கும். வெறகு நெறைய வேணும்.”

“வெறகு இருக்குதுங்க” என்றாள்.

வரப்பில் வெங்கடபதியின் அப்பா வைத்த வேலாமரங்கள் ஒன்பது நின்றன. அத்தனையையும் வெட்டச் சொன்னாள். கோவிந்தராஜுலு வேலியோரம் வந்து நின்று, “எப்படியும் நான் வாங்கப்போற காடு, மரத்த எதுக்கு வெட்டறே?” என்று கேட்டார்.

“சித்திரைக்கு இன்னும் நாளிருக்குதுங்க மாமா. அதுவரைக்கும் என்ற காடுங்க.”

காலையில் கிணற்றுக்குள் விறகடுக்கிவிட்டு மேலே ஏறிக்கொள்வார்கள். எண்ணெய்த் துணியைக் கொளுத்தி உள்ளே போடுவார்கள். அனல் கிணற்று வாய் வரைக்கும் அடிக்கும். தீ அடங்கியதும், பக்கத்துத் தோட்டத்திலிருந்து வண்டியில் கொண்டுவந்த தண்ணீரை மேலேயிருந்தே கவிழ்ப்பார்கள். பாறை பட்டென்று தெறிக்கிற சத்தம் கேட்கும். மறுநாள், எரிகிற விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்த்து, அது அணையாமலிருந்தால்தான் ரசாக் பாய் இறங்குவார். பெயர்ந்த பாளத்தை எருதுகள் மேலே இழுக்கும். ஒரு தீக்கு ஒரு முழம், சில நாள் அதுவும் இல்லை. அவள் குடிக்கக் கடன் கேட்ட தண்ணீரையெல்லாம் பாறை குடித்தது.

முதல் நாள் தீ வைத்தபோதே கிணற்றிலிருந்து புகை நெட்டுக்குத்தலாக எழும்பி ஊருக்கெல்லாம் தெரிந்தது. ஜனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். மத்தியானம் தம்பிதுரையும் சைக்கிளில் வந்து இறங்கினான்.

“ஏனுங்கம்மா, என்னங்க புகை? ஆபீசுல கேக்கறாங்க.”

பங்காரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நீ அனுப்புன மனு இன்னும் போயிச் சேரல. அதான், நானும் பின்னாலயே ஒண்ணு அனுப்பறேன். போயிச் சொல்லு.”

விறகுக்கு அனுமதி வேண்டும் என்று எந்தத் தாளிலும் இல்லை. அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

பங்குனி இருபத்தாறு. பதினாலாவது தீ. மிஞ்சியது ஒரே ஒரு வேலாமரத்து அடிக்கட்டை. மறுநாள் ரசாக் பாய் இறங்கி, கிழக்குப் பக்க வெடிப்பில் ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடித்தார். நாலாவது அடியில் ஆப்பு உள்ளே போய் மறைந்துவிட்டது. கீழேயிருந்து அவர் குரல் வந்தது.

“அம்மணி! கால் நனையுதுங்க!”

ராத்திரிக்குள் முழங்கால் அளவு ஏறியது. விடிந்தபோது இடுப்பளவு. பூரா நாலு ஏக்கருக்கும் அது காணாது. ஒன்றரை ஏக்கர் சோளத்துக்கும் எருதுகளுக்கும் போதும். சீனிவாசலு வந்து பார்த்துவிட்டு, பத்திரப் பேச்சை எடுக்காமல் திரும்பினான். கோவிந்தராஜுலு வேறு பக்கம் இடம் பார்த்தார். வரப்பு மட்டும் மொட்டையாகக் கிடந்தது. அந்த ஒன்பது மரம் நின்ற இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதற்கடுத்த வருஷம் ஆவணியில் தம்பிதுரை வந்தான். கையில் முத்திரை குத்திய தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“மேலேயிருந்து வந்திருச்சுங்கம்மா! வெடிமருந்து அனுமதி!”

பங்காரம்மா கவலை ஓட்டிக்கொண்டிருந்தாள். எருதுகளை நிறுத்தவில்லை.

“திருப்பிக் கொண்டு போ.”

“ஏனுங்கம்மா? இதுக்குத்தான அத்தன நடை நடந்தீங்க?”

“மேல வெச்சிருந்தியில்ல? அங்கயே வெய்யி. அடுத்தாப்புல குழாய் உடறப்ப அடியில திணிக்க ஆகும்.”

அவன் தாளை நீட்டியபடியே நின்றான். அவள் எருதுகளின் முதுகைத் தட்டினாள்.

“திரும்புங்க சாமி” என்றாள்.