பாருல் வைத்த மீன்சினைக் குழம்பு

என் தங்கை பாருலைப் போல மீன் சமைக்க எங்கள் வங்காளத்து ஊரான காட்வாவில் ஆள் கிடையாது. அண்ணன் என்பதால் சொல்லவில்லை. நான் தையல்காரன், அரை அங்குலம் கூட்டிப் பேச எனக்கு வராது.

புருஷன் போன பிறகு அவள் மீனை வாயில் வைப்பதில்லை. எங்கள் பக்கத்தில் பல கைம்பெண்களும் அப்படித்தான். ஆனால் எனக்கு விதவிதமாக மீன் சமைத்துப் போட்டாள். ஒரு சொட்டு நாக்கில் படாமல், ஆவியை மட்டும் முகர்ந்து இறக்கிவிடுவாள்.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பாயை விரித்துப் போட்டால் அதை உதறிக்கொண்டு நிற்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். வாசலுக்கும் அடுப்புக்கும் அலைந்தாள், கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். காரணம் இருந்தது. ஆசன்சோலில் இருக்கும் அவள் கொழுந்தன், தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரச்சொல்லி ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தான். போகாமலிருக்க அவளுக்கென்று ஒரு பிழைப்பு வேண்டும். அடுத்த தெருவில் சேர்ந்து தங்கியிருந்த வாத்தியார்கள் மத்தியானச் சாப்பாடு அனுப்ப ஆள் தேடினார்கள்; பாருல் போய்க் கேட்டாள். அவர்களில் மூத்தவரான பிமலேந்து பாபுவுக்குத்தான் சந்தேகம்.

"மீனைத் தொடாத வாய். ருசி பார்க்காம சமைச்சா எப்படிம்மா நம்புறது? ஞாயித்துக்கிழமை வந்து சாப்பிட்டுட்டு சொல்றேன்" என்றிருந்தார்.

மழைக்காலம். ரோகு மீன்களெல்லாம் வயிறு நிறையச் சினையோடு வந்திருந்தன. நானே பொறுக்கி வாங்கினேன். ஆனால் மீன்காரன் அரிவாள்மனையில் வைத்து இழுத்தபோது பித்தப்பை கீறிவிட்டது போல. சினையின் ஓரத்தில் பச்சையாக ஒரு கறை. பாருல் அந்த இடத்தை அறுத்து எறிந்தாள், மீதியைக் கழுவினாள். வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், கொஞ்சம் கடலைமாவு போட்டுப் பிசைந்தாள். கடுகெண்ணெய் புகைந்ததும் சின்னச் சின்ன உருண்டையாகப் போட்டு, வெடித்துத் தெறிக்காமல் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு தின்னு பாரு. கசக்குதா?"

"தேன் மாதிரி இருக்கு."

"மீன் எங்கேயாவது தேன் மாதிரி இருக்குமா? உன்னைக் கேட்டேன் பாரு! போன வாரம் அடிப்பிடிச்ச பருப்பை ரெண்டு தடவை வாங்கித் தின்ன ஆளு நீ."

"அது அடிப்பிடிச்சிருந்ததா?"

தலையில் அடித்துக்கொண்டாள். உருளைக்கிழங்கு வெந்த குழம்பில் உருண்டைகளை இறக்கினாள். கொதி வந்தது. முகர்ந்தாள், நகர்ந்தாள், திரும்பி வந்து மறுபடி முகர்ந்தாள். பித்தத்தின் கசப்பு மூக்குக்குத் தெரியாது. வாசலில் குடையை உதறும் சத்தம் கேட்டது.

அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் உருண்டையைப் பிட்டு, ஊதி, வாயில் போட்டாள்.

"கசக்கல" என்றாள். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு குழம்பையும் ஒரு கரண்டி உறிஞ்சிவிட்டுத் திரும்பினாள். "உப்பே இல்லையே! இத்தனை வருஷமா இப்படித்தான் போட்டுட்டு இருந்தேனா?"

"எனக்கு அப்படித்தான் பிடிக்கும்."

"பிடிக்குமாம்! வாயிருக்கே, சொன்னா என்ன?"

உப்பைப் போட்டாள், கலக்கினாள், ருசி பார்த்தாள். இன்னும் கொஞ்சம் போட்டு மறுபடி பார்த்தாள்.

பிமலேந்து பாபு உள்ளே வந்து உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். பாருல் கதவோரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டிருந்தாள்.

"உப்பு யார் பார்த்தது?" என்றார் அவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "நான்தான் பார்த்தேன். இனி தினமும் நான்தான் பார்ப்பேன்."

அவர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். தட்டை முன்னால் தள்ளினார். "இன்னும் ரெண்டு உருண்டை வைம்மா. நாளைலேர்ந்து அனுப்பிடு. காரம் மட்டும் குறைச்சுக்கோ, எங்கள்ல ஒருத்தருக்கு வயிறு சரியில்ல."

அவர் குடை தெரு திரும்பியதுமே பாருல் பையைத் தூக்கி என் கையில் திணித்தாள்.

"எழுந்திரு. நாளைக்கு மீன் சொல்லி வைக்கணும். போற வழியில ஆசன்சோலுக்கு போன் போட்டுடு."

"என்னன்னு சொல்ல?"

"எனக்கு இங்க வேலை இருக்குன்னு சொல்லு" என்று செருப்பைத் தேடினாள்.