சைட்காரில் ஏறிய பாரம்

சமையலறை மேசையில் மூன்று கிழமையாக ஒரு வரைபடம் விரிந்து கிடந்தது. சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டாள் சத்தியபாமா. ஒஸ்லோவில் தொடங்கி, சுவீடனுக்குள் நுழைந்து, பின்லாந்தின் காடுகளைக் கடந்து, நோர்வேயின் வடக்கு விளிம்பில் பாட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடிக் கிராமத்தில் போய் முடிந்தது அதிலிருந்த சிவப்புக் கோடு. அதைக் கீறியவர் அவள் கணவர் சின்னராசா. பெப்ரவரியில், குளிர் உச்சத்தில் நிற்கும்போது, மோட்டார் சைக்கிளில் அந்தக் கோட்டின் மேலே போகப் போகிறாராம்.

சொன்னவர் விளையாட்டுக்காரர் அல்லர். பஸ் கராஜில் பஸ் கழுவுகிறவர். வேலை விட்டால் வீடு, வெள்ளிக்கிழமை கோயில், வார இறுதியில் மகளின் தமிழ் வகுப்பு வாசலில் காவல். ஐந்து நிமிடம் பிந்தினாலும் தொலைபேசியில் அழைத்துச் சொல்லும் மனிதர். அப்படிப்பட்டவர் அந்த மார்கழியில், மனைவியிடம் ஒரு வார்த்தை கேளாமல், சைட்கார் பூட்டிய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அதுவே அவளுக்கு முதல் பயம்.

பிறகு வீடு முழுவதும் பயணமாயிற்று. இரவில் குளிரில் செத்துவிடும் என்று பற்றரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுவந்தார். அது அரிசி மூட்டைக்கு மேல் உறங்கியது. பழைய ஜாக்கெட்டின் கைகளை வெட்டி ஹாண்டிலுக்கு உறை தைத்தார். ஆணி அடித்த டயர் வந்தது. இரண்டு ஹெல்மெட் வந்தது. இரண்டு சுடுதண்ணீர்ப் போத்தல் வந்தது.

"பாட்ஸ்பியோர்டுக்கு முன்னாலை ஒரு மலை கிடக்கு. பனிப்புயல் அடிச்சா ரோட்டைப் பூட்டிப்போடுவாங்கள். பனி தள்ளுற வாகனம் முன்னாலை போக, அதுக்குப் பின்னாலை வரிசையிலை நாங்கள் போவம்" என்றார் ஒரு நாள்.

பதினான்கு வயது மகள் துஷ்யா சிரித்தாள். "நாங்கள் எண்டால் ஆர் அப்பா? நீங்களும் மோட்டச் சைக்கிளுமோ?"

"சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான்."

"ரெண்டு ஹெல்மெட்டும் சும்மா ஒரு கதைக்கோ? அம்மா, அப்பா ஷேரஸ்தே வச்சிருக்கிறார்!"

"வாயை மூடடி. அப்பாவோட கதைக்கிற கதையே இது?" என்று அதட்டினாள் சத்தியபாமா. ஷேரஸ்தே என்றால் காதலி. அப்படி ஒருத்தி இருந்தாலும் பரவாயில்லை என்று அந்தக் கணம் அவளுக்குத் தோன்றியதுதான் கொடுமை. ஒருத்தி என்றால் சண்டையாவது பிடிக்கலாம், இந்தப் பைத்தியத்தோடு எப்படிப் பிடிப்பது?

கீழ்மாடி ஹோகன் கிழவர் மோட்டார் சைக்கிள் பைத்தியம். சைட்காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் ஒரு எச்சரிக்கை சொன்னார். வெறும் சைட்காரோடு வலப்பக்கம் திரும்பினால் அந்தப் பெட்டி தரையைவிட்டுத் தூக்கும், வண்டியையே கவிழ்த்துவிடும், ஆள் இல்லாவிட்டால் பாரமாவது வேண்டும். சின்னராசா உடனே ஒரு பெரிய அரிசிச் சாக்கில் சரளைக்கல் நிரப்பி, லிஃப்டில் ஏற்றி, பயணத்தன்று எடுக்கலாம் என்று வீட்டுக் களஞ்சிய அறையில் கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை கட்டடத்துக்குப் பின்னாலிருந்த வாகனத் தரிப்பிடத்தில் ஆணி டயர் பூட்டி முதன்முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, முகம் சிவக்கச் சிவக்க வந்தார்.

"பாமா, வெண்ணெயிலை கத்தி போறமாதிரிப் போகுது. வலப்பக்கம் எவ்வளவு வெட்டியும் பெட்டி தூக்கேல்லை!"

சத்தியபாமா கறிக்குத் தூள் எடுக்கக் களஞ்சிய அறைக்குப் போனாள். சரளைச் சாக்கு வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

திரும்பி வந்து அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"இஞ்சேருங்கோ. சாக்கு உள்ளுக்கெல்லோ கிடக்குது. பெட்டிக்குள்ளை என்ன பாரம்?"

அவர் வரைபடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, இத்தனை வருடக் குடித்தனத்தில் ஒருமுறையும் சொல்லாத கதையைச் சொன்னார்.

எண்பதுகளில், அவள் நோர்வேக்கு வருவதற்கு முன்னர், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் அவரோடு ஒரே அறையில் இருந்தவன் தில்லைநாதன். மீன் வெட்டிய கை விறைத்துப்போக, இருவரும் ஹீட்டருக்குப் பக்கத்தில் வரைபடத்தை விரித்து வைத்துத் திட்டம் போடுவார்களாம். சைட்கார் மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்க வேண்டும், ஒஸ்லோவுக்கு ஓட வேண்டும். வாங்கியும்விட்டார்கள். வாங்கிய மாதமே ஒரு பனிப்புயல் வந்தது. வண்டியைப் படங்குத் துணியால் மூடிவிட்டு வருகிறேன் என்று போன தில்லைநாதன் திரும்பவில்லை. மரம் இல்லாத ஊர். புயலில் திசை காட்ட ஒன்றும் இல்லை. சனிக்கிழமை காலையில், அறை வாசலுக்கு மிகக் கிட்ட, பனிக்குள் இருந்து அவனை எடுத்தார்கள்.

"சனியிலை போனவன், பாமா. சனிப்பிணம் தனியப் போகாது, துணைக்குக் கோழிக்குஞ்சு ஒண்டு கட்டிவிடோணும் எண்டு எல்லாப் பெடியளுக்கும் தெரியும். அந்த ஊரிலை உயிர்க்கோழிக்கு எங்கை போறது? கடையிலை ஐஸ் கோழி ஒண்டு வாங்கி, சவப்பெட்டிக்குள்ளை காலடியிலை வச்சு மூடினம்."

"ஐயோ! செத்த கோழியையோ?"

"ஓம். அப்ப ஒருத்தருக்கும் அது யோசினையிலை வரேல்லை. துணைக்கு ஒரு உயிர் போகோணும் எண்டு." அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இந்த வண்டி வந்த நாள் தொட்டு அவன் பக்கத்திலைதான் இருக்கிறான். அவனைத் திருப்பிக் கொண்டுபோய் விடோணும். வேறை ஒண்டும் இல்லை."

வேறு ஒன்றும் இல்லையாம்! துணை தேடி வந்தவன் யாரைத் துணைக்குக் கூட்டிப் போவான் என்பது இவருக்கு விளங்கவில்லையா? விளங்கியும் போகிறாரா? மனம் கதற, தாலிக்கொடியைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள் அந்தப் பேதை. அழுதாள். பட்டினி கிடந்தாள். மகளின் தலையில் அடித்துச் சத்தியம் கேட்டாள். அவரோ போகும் நாளை மாற்றவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம், கடைசித் தடவையாக ஓட்டிப் பார்க்க இறங்கினார். அவளும் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் போனாள். வானம் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து கிடந்தது. பூப்போல் பனி விழுந்தது. சின்னராசா வலப்பக்கமாக வட்டமடித்தார். சைட்கார்ச் சக்கரம் பனியை அழுத்தி, ஆழமாகக் கோடு கீறிக்கொண்டு போனது.

"நல்ல பாரம் வைத்திருக்கிறீர்கள்!" என்று நோர்வேஜிய மொழியில் கத்திக் கையசைத்தார் யன்னலில் நின்ற ஹோகன்.

வண்டி அவளருகே நின்றது. சைட்காரின் மூக்கில் பனி படிந்திருந்தது. கண்ணாடியில் படிந்திருந்தது. விளிம்பெல்லாம் படிந்திருந்தது. இருக்கையில் மட்டும் ஒரு பூவும் இல்லை. கறுப்புத் தோல் நடுவில் குழிந்து இருந்தது.

திட்டத்தான் வந்தாள். எடே, என்ரை மனுசனை விட்டிட்டுப் போடா என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்தக் குழிவைப் பார்த்ததும், மெலிந்த பெடியன் ஒருவன் குளிரில் கைகளைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு, தன்னை ஒருவரும் ஏசிவிடக் கூடாதே என்று தலைகுனிந்து இருப்பதுபோலப் பட்டது. வாசல் தேடி வந்தவனை வெறும் வயிற்றோடு துரத்த அவளுடைய நாக்கு பழகியிருக்கவில்லை.

"தம்பி, இறங்கும்" என்றாள். "இவரை நான் தரமாட்டன். எனக்கு இவரை விட்டால் ஆருமில்லை. நீர் மேலை வாரும். சோறு சூடாய்க் கிடக்கு. ஒரு வாய் சாப்பிட்டிட்டு இரும்."

சின்னராசா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவளையே பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார். முதல் வளைவில் சைட்கார்ச் சக்கரம் அந்தரத்தில் எழும்பியது! வண்டி சரிந்து பனிக்குவியலில் மோதி, இருமிவிட்டு நின்றது. சத்தியபாமா அலறிக்கொண்டு ஓடினாள். அவருக்கு ஒரு கீறலும் இல்லை. பனிக்குள் குந்தியிருந்து, வெற்று இருக்கையைத் தடவித் தடவிக் குழந்தையைப்போல அழுதார்.

"இறங்கிட்டான், பாமா. இனி நான் ஆரோட போறது?"

"ஒருத்தரோடயும் போகவேண்டாம். வாங்கோ வீட்டை."

கை பிடித்துக் கூட்டி வந்தாள். அவர் மறுக்கவில்லை. மனிதர் பிழைத்துவிட்டார், அது போதும் என்று தெய்வங்களையெல்லாம் கும்பிட்டுக்கொண்டாள். லிஃப்டுக்குள் ஏறியபோது, தன்னை அறியாமலே சுவரோடு ஒதுங்கி, தனக்கும் கதவுக்கும் இடையில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டிருந்ததை ஆறாம் மாடி கடந்த பிறகுதான் கவனித்தாள். தான் என்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக் கதவைத் திறந்த துஷ்யா, தகப்பனின் நனைந்த சட்டையையும் சிவந்த கண்ணையும் பார்த்து, வழிவிட்டு ஒதுங்கினாள். சின்னராசா உள்ளே போய், மேசையிலிருந்த வரைபடத்தை மெல்ல மடித்தார்.

"அம்மா, உள்ளுக்கு வாங்கோவன். குளிர் அடிக்குது, கதவைச் சாத்துறன்" என்றாள் துஷ்யா.

சத்தியபாமா நிலையில் கை வைத்தபடி நின்றாள். வெளியே மாடியின் நீண்ட வெறும் நடைவழி. மீன் வெட்டும் இடத்து உப்பு வாடை ஒன்று எங்கிருந்தோ மெல்ல வந்தது.

"பொறடி" என்றாள் அவள். "கொஞ்சம் பொறு. வரட்டும்."