முதலில் பறப்பவன்

என் மகன் பெங்களூரில், விமானப்படையின் சோதனைப் பிரிவில் விமானி. புதிய விமானத்தை மற்றவர்களுக்குக் கொடுக்கும் முன் இவன் ஓட்டிப் பார்த்துக் குறைகளைக் கண்டு சொல்ல வேண்டும். இந்தக் கிறிஸ்துமஸுக்கும் அவன் நாகல் நகர் வீட்டுக்கு வரவில்லை.

மறுநாள் சேவுகம்பட்டியிலிருந்து ஒரு பெண், பை நிறையக் கத்தரிக்காயோடு என்னைத் தேடி வந்தார்.

"எம்மகனும் பிளேன் ஓட்டுறான்க்கா. ஒங்க மகன் ஓட்டிப் பாத்து, சரின்னு சொன்ன பொறகுதான் இவன் கையில குடுப்பாகளாம். அதான் ஒங்கள ஒரு எட்டு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"லீவுக்கு வந்திருக்கானாம்மா?"

"வந்துருக்கான்க்கா. வீட்டுல தூங்குறான்."

ஒரு கணம் பொறாமையாக இருந்தது. பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "எழுப்பாதீங்க. நல்லாத் தூங்கட்டும்."

அவர் போனதும் என் மகனின் கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் வராத வீட்டில், அவனால் யாரோ பத்திரமாக வீடு திரும்புவதை நினைத்துக்கொண்டு.