நாடகம் எழுதியவர் பெயர்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டில் மூன்றே பேர்தான் இருந்தோம்: நான், தையல் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மிஷினில் தைக்கும் தோழி, ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் ஒரு பெண்.

மகளிர் தினத்துக்குக் கரையான்சாவடியில் நாங்கள் ஒரு தெரு நாடகம் போட்டிருந்தோம். பாத்ரூம் போகக்கூட சூப்பர்வைசரிடம் கெஞ்ச வேண்டியிருப்பதுதான் கதை. எட்டாவதோடு படிப்பை விட்ட நான்தான் எழுதினேன். அதைத் தன் ஆய்வில் எடுத்துக்காட்டப் போவதாகச் சொல்லி அந்தப் பெண் வந்திருந்தாள். எழுதியவர் முழுப் பெயர், நடந்த வருஷம், இடம் என்று அவள் கேட்கக் கேட்க எனக்கு வியர்த்துவிட்டது. ஸ்டேஷனில் கேஸ் எழுதுவதுபோல் இருந்தது. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமே! பெயர் வேண்டாம் என்றேன்.

"எழுதுனவங்களைச் சொல்லலன்னா நான் திருடுன மாதிரி ஆயிடும்க்கா," என்றாள். அச்சில் வராத நாடகத்துக்கும் அதே விதிதானாம். பயமாக இருந்தால் 'பெயர் வெளியிட விரும்பாதவர்' என்று போடலாம், உங்கள் இஷ்டம் என்றாள். அப்பாடா என்று தலையாட்டினேன்.

பிறகு, நாடகத்தன்று செல்போனில் எடுத்த வீடியோவைப் பார்த்துத் தான் குறித்து வைத்த வசனத்தைப் படித்தாள். 'மிஷின் நிக்கக் கூடாது' என்று சூப்பர்வைசர் கத்த, 'அப்போ எனக்குப் பதிலா மிஷினையே பாத்ரூமுக்கு அனுப்பு சார்' என்று ஒருத்தி சொல்லும் இடம். தெருவே சிரித்த இடம். ஆனால் நான் எழுதிய தாளில் அது கிடையாது. தோழி நடிக்கும்போது சட்டென்று அவளாகவே அடித்து விட்டது. அதை என் கணக்கில் சேர்த்துக்கொள்ள மனசு வரவில்லை, சொல்லிவிட்டேன்.

அப்படியானால் அந்த வசனத்தை மட்டும் அன்றைய நடிப்பிலிருந்து எடுத்ததாக, பேசியவர் பெயரோடு தனியாகக் குறிக்க வேண்டும் என்றாள். ஐயோ, இவளையும் மாட்டிவிட்டோமே என்று தோழியைப் பார்த்தேன்.

தோழியோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "என் பேரை நல்லா பெருசா போடு கண்ணு. நான் இன்னா கொலையா பண்ணிக்கீறேன்? இவ பயந்துகினே கெடக்கட்டும்!"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வரி பேசியவள் பெயர் இருக்கும், மொத்தமும் எழுதியவள் பெயர் இருக்காதா? இனிஷியலோடு என் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு சூப்பர்வைசர் கூப்பிட்டபோதெல்லாம் இதைத்தான் கேட்கப் போகிறாரோ என்று நினைத்தேன். இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆய்வு முடிந்ததும் அந்தப் பெண் ஆய்வேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். கடைசிப் பக்கங்களில் இருந்த மேற்கோள் பட்டியலில், புத்தகமாக வந்த நாடகங்களுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.

பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனாலும் நான் யோசித்தது என்னுடையது என்று சொல்லும் துணிச்சல் அன்றுதான் வந்தது, இப்போது எழுதும் அடுத்த நாடகத்தில் முதல் வரியே என் பெயர்தான்.