விருச்சிகத்துக்கு நான் எழுதிய பலன்

கொழும்புப் பேப்பர் ஒன்றுக்கு நான் மாத்தளைப் பிரதேச நிருபர். மாத்தளையில் நடப்பதை மட்டும் எழுதுகிறவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தம்புள்ளைச் சந்தைக்கு லொறி ஓட்டும் அப்பா காலையில் போனில் சொல்லும் கரட், போஞ்சி விலையை எழுதுவது நான். ஞாயிற்றுக்கிழமை மகளிர் பக்கத்தில் பலாக்கொட்டைக் கறி வைக்கச் சொல்லித் தரும் அக்காவும் நான்தான். கவிதைப் பக்கத்தில் ஒரு பெண் பெயரில் காதலிக்கிறேன். விளையாட்டுப் பக்கத்தில், மட்டையை ஒரு நாளும் ஒழுங்காகப் பிடித்திராத நான், கிரிக்கெட் வீரர்களுக்குப் புத்தி சொல்கிறேன். பழைய சோதிடர் கோபித்துக்கொண்டு போனதிலிருந்து தினப்பலனும் என் தலையில் விழுந்தது. "உங்களுக்குத்தான் எல்லாமே வருமே தம்பி" என்று துணை ஆசிரியர் போனில் சொன்னபோது வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

இவ்வளவையும் எழுதும் அறிவாளி குடியிருக்கும் தோட்டத்து லயத்தில் குழாய்த் தண்ணீர் கிடையாது. அம்மா கீழே பீலிக்கு இறங்கி, மூங்கில் வழியே விழும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, படியேறிக் கொண்டுவர வேண்டும். முழங்கால் தேய்ந்துவிட்டது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் வீட்டில் இருந்தால் நான் தூக்குவேன். பெரும்பாலும் இருக்க மாட்டேன், நாட்டு மக்களின் குறைகளை எழுதப் போயிருப்பேன்.

ஒருவழியாகக் குழாய் போட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் பைப் வந்து நின்றது. மேலே மலையில் கட்டிய தண்ணீர்த் தாங்கியில் ஒரு வால்வைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பிரமுகர் வந்து நாடா வெட்டாமல் எந்த வால்வும் திறக்காது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. திறப்பு விழாச் செய்தியை முதல் நாளே எழுதி அனுப்பிவிடுவோம். பேப்பர் நேரத்தோடு அச்சுக்குப் போய்விடும். விழாக்களில் மாறுவதற்கும் ஒன்றுமில்லை. குத்துவிளக்கு, பொன்னாடை, பெருந்திரளான மக்கள். அப்படியே எழுதினேன். சொந்த ஊர் என்பதால், தண்ணீர் பீறிட்டு வந்ததும் தாய்மார்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள் என்று ஒரு வரி கூடுதலாகப் போட்டேன்.

பிரமுகர் வரவில்லை. வேறெங்கோ ஒரு மரண வீட்டுக்குப் போய்விட்டாராம். கட்டிய வாழைமரம் வாடி விழுந்தது. மறுநாள் பேப்பரில் எங்கள் லயத்துக்குத் தண்ணீர் வந்திருந்தது. அதை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது அம்மா இடுப்பில் குடத்தோடு படியில் நின்று மூச்சு வாங்கினார். பேப்பரை மடித்து ஒளித்தேன். அன்றைக்குப் போல் நான் எப்போதும் கேவலப்பட்டதில்லை.

இரண்டு மாதம் பொறுத்துவிட்டு, குழாய் போட்டவர்களின் ஒஃபிசுக்குப் போனேன். இந்த வேலைக்குப் பொறுப்பான அதிகாரி நல்ல மனிதர். மட்டக்களப்புக்காரர், ஊருக்கு இடமாற்றம் கேட்டுக் காத்திருப்பவர். ஃபைலை விரித்து, அதில் ஒட்டியிருந்த என் செய்தியையே எனக்குக் காட்டினார்.

"இது முடிஞ்ச வேலை தம்பி. பேப்பர்லயே வந்திருக்கே."

"சேர், அத எழுதினதே நான்தான். தண்ணி வரல்லீங்க."

"அப்ப பொய்யா எழுதினீங்க?"

மறுப்புச் செய்தி போடலாம் என்றால், துணை ஆசிரியர் என் நிருபர் வேலையே போய்விடும் என்றார். காய்ந்த குழாயைப் பற்றிப் பெண் பெயரில் கவிதை எழுதினேன். உருக்கமான காதல் தோல்வி என்று நாலு பேர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைக்கு நின்றேன். எனக்கு முன்னால் அந்த அதிகாரி. ஐயர் கேட்க, அவர் பக்தியோடு சொன்னார்: "விருச்சிக ராசி, அனுஷ நட்சத்திரம்." பிறகு என்னைக் கண்டு சிரித்து, "உங்க பேப்பர்ல பலன் மட்டும் தப்பாம பாக்கிறனான் தம்பி" என்றார். அம்மன் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை விருச்சிகத்துக்கு எழுதினேன்: "தடைப்பட்ட தண்ணீர் காரியம் உங்கள் முன்னேற்றத்தையும் தடுக்கும்." செவ்வாய்: "முடிந்துவிட்டதென்று மூடிய கோப்பைத் திறந்து பார்ப்பது நல்லது." புதன்: "உயரமான இடத்துக்கு நேரில் சென்று வந்தால் எதிர்பார்த்த இடமாற்றம் கைகூடும்." அந்த வாரம் இலங்கையிலுள்ள விருச்சிக ராசிக்காரர்கள் எத்தனை பேர் காரணமில்லாமல் மலையேறினார்களோ தெரியாது.

வியாழக்கிழமை மத்தியானம் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். வேர்க்க விறுவிறுக்கத் தாங்கிக்கு ஏறி, முன்னால் நின்று வால்வைத் திறக்க வைத்தார். நாடாவுமில்லை, பொன்னாடையுமில்லை. எங்கள் வாசல் பைப் இருமி, செம்மண் துப்பி, பிறகு தெளிந்த தண்ணீர் விட்டது. அம்மா கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான்தான் அழுதேன்.

உடனே செய்தி எழுதி அனுப்பினேன். என் வாழ்க்கையில் கண்ணால் பார்த்து எழுதிய முதல் திறப்பு விழா. துணை ஆசிரியர் திருப்பிவிட்டார். "இது ஏற்கெனவே வந்த செய்தி தம்பி. ரெண்டாம் தடவ போட ஏலாது."

எங்காவது அது அச்சில் வரத்தான் வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். மிச்சமிருந்தது ஓர் இடம்தான். அம்மாவுக்குக் கடக ராசி. பலன் எழுதுவது நான் என்று அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் பலனை நம்ப மாட்டார்.

சனிக்கிழமை காலை அம்மா பைப்படியில் கேத்தலை நிரப்ப வைத்துவிட்டு, எழுத்துக் கூட்டி வாசித்தார்: "கடகம். நெடுநாள் காத்திருந்த தண்ணீர் வீடு தேடி வரும்." கேத்தல் நிரம்பி வழிந்தது. பைப்பை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தண்ணி வந்து ரெண்டு நாளாச்சு. இவனுங்களுக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கு. நீயெல்லாம் நிருபர்னு என்னத்தடா பாத்துக்கிட்டு இருந்த?"